பங்க் பணத்தோடு இரவில் கடலூர் திரும்புகிறேன், கைத்துப்பாக்கி உரிமம் வாங்கலாமா?

முள்ளோடை பங்க் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், பெட்ரோல் பங்க் கன்னியக்கோயில் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள். இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கடலூரிலிருந்தே வண்டிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகும். யு.பி.ஐ. வந்த பிறகு ரொக்கம் குறைந்ததுதான், ஆனால் லாரிக்காரர்களும் மீன் வண்டிகளும் இன்னும் கையில்தான் காசு கொடுக்கிறார்கள். வங்கி மூடிய பிறகு சேரும் பணத்தை இரவு பத்தரைக்கு மேல் ஒரு பையில் போட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டு வந்து, மறுநாள் காலையில் கடலூர்க் கிளையில் கட்டுவேன். வருஷக்கணக்காக இப்படித்தான்.

போன மாதம் ஒரு இரவு ரெட்டிச்சாவடி தாண்டியதும் இரண்டு பேர் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள். நான் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக, நான் முறுக்கினால் அவர்களும். முன் நம்பர் பிளேட்டில் மண் அப்பியிருந்தது. சோதனைச் சாவடி விளக்கு தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் மனு கொடுக்கப் போனால், அது எங்கள் எல்லையில் வராது என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அந்தச் சாலையில் கண்ணாடியைப் பார்த்தபடியேதான் ஓட்டுகிறேன்.

சித்தப்பா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே சட்டைக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது சாதாரணம், நீயும் ஒன்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொள் என்கிறான். வீட்டில் மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நம் ஊரில் என்னைப் போன்றவனுக்கு உரிமம் தருவார்களா, தந்தால் வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துப் போகலாமா, தினமும் மாநில எல்லை தாண்டுகிறேனே அதற்கு என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக அது உண்மையிலேயே என்னைக் காப்பாற்றுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெல்லிக்குப்பம் ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

தம்பி, ராணுவத்திலிருந்து வந்த பிறகு உரிமம் எடுத்து .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தருவார்களா என்றால், சட்டப்படி வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில், செய்யும் தொழிலின் தன்மையாலேயே உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ள வேண்டிய உண்மையான தேவை உள்ளவர்கள் என்று ஒரு வகை இருக்கிறது. ரொக்கம் கையாளும் நீங்கள் அதில் வருவீர்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும், வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. குடியிருக்கும் மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாம், உங்களுக்குக் கடலூர் கலெக்டர் அலுவலகம். படிவத்தோடு மருத்துவச் சான்று, மனநலம் உட்பட, அப்புறம் துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. பிறகு போலீஸ் விசாரணை. 30 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று விதியில் இருக்கிறது, அதை நம்பி நாள் எண்ணாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், குடிப்பழக்கம் உண்டா, அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு உண்டா என்பது வரைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. பங்க் டீலர் ஒப்பந்தம், வங்கியில் தினமும் ரொக்கம் கட்டிய கணக்கு, வருமான வரித் தாக்கல், பின்தொடர்ந்தது பற்றி நீங்கள் கொடுத்த மனு, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கியதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு), இவையெல்லாம் சேர்ந்தால்தான் கோப்புக்கு உயிர். மனுவை வாங்காமல் திருப்பி அனுப்பியதை அப்படியே விடாதீர்கள், மறுபடி போய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வெளியே தெரியாமல் வைப்பது பற்றிக் கேட்டீர்கள். நம் விதியே அதைத்தான் கேட்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், இல்லை தோள்பையில் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், அது உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவதும் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் குற்றம். கல்யாண வீட்டில் சுடுகிறவர்களுக்காகவே 2019 திருத்தத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று வைத்தார்கள். அதே திருத்தத்தில்தான் உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

எந்தத் துப்பாக்கி என்றால், நம்மைப் போன்றவர்களுக்கு .32, .22 அளவுகள்தான். போலீஸ் வைத்திருக்கும் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், ஆசைப்படவே வேண்டாம். கான்பூர் தொழிற்சாலையில் பெண்களை மனதில் வைத்து 2014இல் நிர்பீக் என்று அரை கிலோ எடையில் ஒரு .32 ரிவால்வர் கொண்டுவந்தார்கள், அப்போதே விலை ஒரு லட்சத்துக்கு மேல். குண்டுகளும் இஷ்டத்துக்குக் கிடைக்காது, ஒரே நேரத்தில் எத்தனை வைக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

காப்பாற்றுமா என்ற கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். இத்தனை வருஷம் ராணுவத்தில் சுட்டவன் நான், ஊருக்கு வந்த பிறகு பயிற்சி விட்டுப்போகிறது. ரைபிள் கிளப்பில் சேர்ந்து தொடர்ந்து சுட்டால்தான் கை பழகும். வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, இருட்டில், ஆபத்து வந்த நிமிடத்தில் சரியாகச் சுடுவோம் என்று எதிர்பார்க்கக் கூடாது.

---

துறைமுகம் ஏலக்காரர் எழுதியது:

ஹவில்தார் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனாலும் நான் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். கடலூர் முதுநகரில் மீன் ஏலம் எடுக்கிறேன், விடியற்காலை மூன்று மணிக்குப் பணத்தோடு வெளியே வர வேண்டும். 112க்கு அடித்தால் வண்டி வரும்தான், வந்து சேரும் வரைக்கும் நம்மைக் காப்பது யார்? வெட்ட வருகிறவன் உரிமம் வாங்கிக்கொண்டா வருகிறான்? ஒழுங்காக வரி கட்டித் தொழில் செய்கிற மனுஷன் தன் உயிரைக் காத்துக்கொள்ளக் கேட்பதில் என்ன தப்பு? என் மாமா வெகுநாள் உரிமத்தோடு வைத்திருந்தார், ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை. ஆனால் அவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும், ஒருவனும் கிட்ட வந்ததில்லை.

ஒன்றே ஒன்று. சில பேர் கள்ளத் துப்பாக்கி ஏற்பாடு செய்கிறேன் என்று வருவார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

---

புதுவை வழக்கறிஞர் எழுதியது:

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தாலே ஆயுதச் சட்டம் 25ஆவது பிரிவில் குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு வரை போகும். சுட வேண்டியதே இல்லை, வைத்திருந்தால் போதும். தற்காப்புக்காகத்தான் வைத்திருந்தேன் என்பது அங்கே பதிலாகாது.

இப்போது உரிமத்தோடு வைத்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தருவது ஒரு அலுவலகம். சுட்டது நியாயமா என்று பார்ப்பது நீதிமன்றம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றியது. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்க உரிமை உண்டு. உயிர் போய்விடும், கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு போன்றவற்றில், எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ளலாம் என்று 38ஆவது பிரிவு சொல்கிறது. சொத்தைக் காப்பதிலும் கொள்ளையின்போது அந்த எல்லை வரை போகலாம் என்பது 41. ஆனால் 37ஐச் சேர்த்தே படிக்க வேண்டும். அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது, தற்காப்புக்குத் தேவையானதைவிட ஒரு பங்கும் கூடுதலாகக் காயம் செய்யக் கூடாது.

உங்கள் சாலைக்கே வருவோம். இரண்டு பேர் பைக்கில் பின்தொடர்கிறார்கள். நீங்கள் வண்டியை நிறுத்தித் துப்பாக்கியை எடுத்துக் காட்டுகிறீர்கள். அந்த நிமிடம் வரை அவர்கள் செய்தது ஒரே சாலையில் வந்தது மட்டுமே. குற்றமுறு மிரட்டல் என்று 351இல் உங்கள் மேல்தான் வழக்கு வரும், உரிம நிபந்தனையை மீறியது தனி. அடுத்து, வழிமறித்துக் கழுத்தில் கத்தி வைத்துப் பையைக் கேட்கிறான். இப்போது சட்டம் உங்கள் பக்கம், ஆனால் கத்தி கழுத்தில் இருக்கும்போது உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்க முடியுமா என்பதை நீங்களே யோசியுங்கள். மூன்றாவது, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான், ஆத்திரத்தில் பின்னாலிருந்து சுடுகிறீர்கள். கொள்ளைக்காரன் உயிருக்கோ காயத்துக்கோ அச்சம் ஏற்படுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அந்த உரிமை நீளும் என்று 43 சொல்கிறது. முதுகில் பாய்ந்த குண்டைத் தற்காப்பு என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலையில் நடக்கும் பறிப்பு பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் சுட்டவர் மேல்தான், சாட்சியச் சட்டத்தில் 105ஆக இருந்தது இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 108. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும். 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாக்கப்படுகிறவன் கோழையைப் போல் ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்றும், அந்தப் பதற்றத்தில் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே நீதிமன்றம் உங்களுக்கு எதிரி இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வரை நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர், துப்பாக்கி தடயவியலுக்குப் போயிருக்கும், பங்க்கை யார் பார்த்துக்கொள்வார்கள்?

எல்லை பிரச்சினைக்கு: எந்த எல்லைக்குள் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பின்தொடர்ந்தது மட்டுமே என்றால் எஃப்.ஐ.ஆர். அளவுக்குப் போகாமல் இருக்கலாம், ஆனால் மனுவை வாங்க மாட்டேன் என்பது சரியில்லை. எழுத்தில் பதிவுத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கே அனுப்புங்கள்.

---

லாஸ்பேட்டை டு டல்லாஸ் எழுதியது:

உங்கள் சித்தப்பா மகன் இருக்கும் ஊர்ப்பக்கம்தான் நானும். பசுமை அட்டை (கிரீன் கார்டு) வந்த பிறகு துப்பாக்கி வாங்கி, தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவன். (எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம், கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.)

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை இல்லாதவர்கள் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். இப்படி 29 மாநிலங்கள் இருக்கின்றன. அனுமதி கேட்கும் மாநிலங்களிலும், தனித் தேவை இருப்பதை நிரூபி என்று கேட்கக் கூடாது என 2022 ஜூனில் நியூயார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் தேவையை நீங்கள் நிரூபிக்க வேண்டும், அங்கே அது உரிமை. இரண்டும் வேறு வேறு அடித்தளம். சித்தப்பா மகன் பழகிய வழக்கத்தை வைத்து அப்படியே உங்களுக்குச் சொல்கிறார்.

ஆனால் சட்டத்தைவிடத் தினசரி வாழ்க்கையைப் பற்றித்தான் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. துப்பாக்கி இடுப்பில் இருந்தால் உங்கள் நாள் முழுவதும் அதைச் சுற்றித்தான். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை வேண்டும், துணி உறை கூடாது, மடங்கி விசைக்குள் போய்விடும். அதைத் தாங்கத் தடித்த பெல்ட். குனியும்போது சட்டை தூக்காத அளவு நீளம். கழிப்பறைக்குப் போனால் எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும், அங்கே மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடம், தபால் நிலையம், வருமானத்தில் 51 சதவீதம் மதுவிலிருந்து வரும் கடை, எங்கும் உள்ளே கொண்டு போக முடியாது. காரில் விட்டால் கண்ணாடியை உடைத்துத் திருடுகிறார்கள். குடித்தால் எடுக்கவே கூடாது. யாராவது காரை உரசிவிட்டு வாயாடினால் நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, அந்தச் சண்டை எங்கே முடியும் என்று தெரியாது. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் தூரம். சால்ட் லேக் சிட்டி போலீசில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஒருவன் 21 அடி தூரத்தை ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான், பழகிய காவலர் உறையிலிருந்து எடுத்துச் சுட ஆகும் நேரமும் அவ்வளவுதான் என்று. பழகியவருக்கே அப்படி. நீங்கள் ஸ்கூட்டரில் போகிறீர்கள். வலது கை ஆக்ஸிலேட்டரில், இடது கை பிரேக்கில், தலையில் ஹெல்மெட், ஐப்பசி கார்த்திகையில் மேலே மழைக்கோட்டு. பைக்கில் வருகிறவன் பக்கவாட்டில் வந்து காலால் உதைத்தால் விழுந்துவிடுவீர்கள், விழுந்த இடத்திலிருந்து மழைக்கோட்டைத் தூக்கி, சட்டையைத் தூக்கி எடுப்பதற்குள் துப்பாக்கி அவன் கைக்குப் போய்விடும். நான் துப்பாக்கி வைத்திருப்பதை நியாயம் என்று நம்புகிறவன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஓடுகிற இருசக்கர வாகனத்தில் அது உங்களுக்கு உதவாது.

ஏலக்காரர் அண்ணாவுக்கு: மாமாவிடம் இருப்பது ஊருக்கே தெரியும் என்றீர்கள். அதைத் திருடவே ஒருவன் வரலாம் என்பதையும் நினைக்க வேண்டும்.

---

பண்ருட்டி மேனேஜர் எழுதியது:

பங்க் மேனேஜராக இருக்கிறேன் அண்ணா, அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். சட்டம் எல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தோன்றுவது, இரவு பத்தரைக்கு அந்தப் பை ஏன் சாலையில் போகிறது என்பதுதான்.

ரொக்கம் எடுத்துப்போக ஏஜென்சிகள் இருக்கின்றன, வங்கியிலேயே கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். துப்பாக்கிக் காவலரோடு வண்டி வரும், எண்ணி வாங்கி, முத்திரை போட்டு ரசீது கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நிமிடத்திலிருந்து பணம் அவர்கள் பொறுப்பு. மாதக் கட்டணம் உண்டுதான், ஒரு ரிவால்வர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாலை ஷிப்ட் மாறும்போதே எண்ணி, வண்டி வரும் நேரத்துக்குத் தயாராக வைத்துவிட்டால் இரவு சேருவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு, மேலே நோட்டுப் போடத் துளை வைத்த இரும்புப் பெட்டகம் ஒன்றைத் தரையில் சிமெண்ட் போட்டுப் புதைத்துவிடுங்கள். போட்டால் போட்டதுதான், சாவி பங்க்கில் இருக்காது. இந்த அலுவலகத்தில் பெட்டகச் சாவி இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவும் வேண்டும், இல்லையென்றால் வருகிறவன் பையன்களைப் போட்டு அடிப்பான். இது மிகவும் முக்கியம், நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம், இரவில் பைப் பிடித்து நிற்பவன் இருபது வயதுப் பையன்.

கட்டாயம் நீங்களே கொண்டு போக வேண்டிய நாள் என்றால் காரில் போங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்தில் கிளம்பாதீர்கள். உங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்குப் பத்தரை மணி என்பது எப்படித் தெரிந்தது என்றும் யோசியுங்கள், பெரும்பாலும் உள்ளேயிருந்தோ எதிர்க் கடையிலிருந்தோதான் தகவல் போகும். ஸ்கூட்டரில் பையை மார்பின் குறுக்கே மாட்டவே மாட்டாதீர்கள். பிடுங்கினால் பை அறுந்து வராது, நீங்கள்தான் அதோடு தரையில் இழுபட்டுப் போவீர்கள். சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டுங்கள். யாராவது பின்னால் வருவதாகத் தெரிந்தால் வீட்டுத் தெருவுக்குள் திரும்பாதீர்கள், வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்கு, வேறு பங்க் என்றாலும் சரி, நேராக உள்ளே போய் நின்று 112க்கு அடியுங்கள்.

பெப்பர் ஸ்பிரே ஒன்று வைத்துக்கொள்ளலாம், உரிமம் வேண்டியதில்லை. அதுவும் ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும், நின்ற இடத்தில்தான் பயன்படும். அதையும் நினைத்தபடி அடிக்கக் கூடாது என்று 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது, உயிருக்கு ஆபத்து இல்லாத தகராறில் அடித்தவர் மேல் இருந்த வழக்கை ரத்து செய்ய மறுத்து, பெப்பர் ஸ்பிரேயே ஆபத்தான ஆயுதமாகலாம் என்றது.

வழியில் போகும் பணத்துக்குத் தனி இன்சூரன்ஸ் உண்டு, இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே எடுங்கள். பணம் போனால் திரும்பி வரும் என்று தெரிந்தாலே, கேட்டதும் பையைக் கொடுத்துவிட மனம் வரும். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதானே அண்ணா.

---

முள்ளோடை பங்க் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து மனைவிக்கும் முழுக்கப் படித்துக் காட்டினேன். ரொக்கம் எடுக்க வண்டி ஏற்பாடு செய்ய வங்கியில் பேசிவிட்டேன், பெட்டகத்துக்கும் ஆள் சொல்லியிருக்கிறேன். பத்தரை மணி விஷயம் உறைக்கிறது, நேரத்தையும் மாற்றிவிட்டேன்.

ஆனாலும் வண்டி வராத ஞாயிறு, பொங்கல், தீபாவளி நாட்கள் இருக்கின்றன, அப்போது காரில்தான் கொண்டு போக வேண்டும். அதனால் உரிம விண்ணப்பத்தை இன்னும் கைவிடவில்லை. வந்தால் வரட்டும், எடுப்பதா இல்லையா என்று அப்போது முடிவு செய்கிறேன். கடலூரில் வாங்கிய உரிமம் கன்னியக்கோயிலில் செல்லுமா? ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் புதுச்சேரிச் சரக்கு இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், அப்போது இடுப்பில் துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது?

---

புதுவை வழக்கறிஞர் எழுதியது:

உரிமத்தில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிய நொடியே அது உங்களுக்கு உரிமம் இல்லாத துப்பாக்கி. உங்களுக்கு வீடு ஓரிடம், தொழில் இன்னோரிடம். ஆகவே விண்ணப்பத்திலேயே புதுச்சேரியையும் சேர்த்துக் கேட்டு, பங்க் அங்கே இருப்பதற்கான ஆவணத்தை இணையுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் சாலைகள் தமிழ்நாட்டுக்குள்ளும் புதுச்சேரிக்குள்ளும் மாறி மாறிப் போகும், எந்த இடத்தில் எந்த அரசு என்று ஊர்க்காரர்களுக்கே குழப்பம். சோதனையில் பிடிபட்டால் அந்தக் குழப்பம் ஒரு சமாதானமாகாது.

---

நெல்லிக்குப்பம் ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

சோதனைச் சாவடிக்கு: காரை நிறுத்தி, உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். சார், என்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது, உரிமப் புத்தகம் டேஷ்போர்டில் இருக்கிறது என்று முதலிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். துப்பாக்கி என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே கையை இடுப்புக்குக் கொண்டு போகாதீர்கள், அங்கே நிற்பது புதிதாகச் சேர்ந்த பையனாக இருக்கலாம். அவர்கள் சொல்லும் வரை தொட வேண்டாம். அசல் உரிமம் கூடவே இருக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பதால், வந்ததும் குண்டுகளை எடுத்துவிட்டுத் துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு வேறொரு பூட்டில். பீரோவில் புடவைக்கு அடியில் வைக்கிற வேலை கூடாது, பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று ஒரு வீட்டில் ஒன்றும் கிடையாது. சுவரில் பதித்த பெட்டகம் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

தேர்தல் சமாச்சாரமும் தெரிந்துகொள்ளுங்கள். தேதி அறிவித்து நடத்தை விதி வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும். எல்லாரிடமும் பொத்தாம்பொதுவாக வாங்கக் கூடாது, ஆய்வுக் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, நடைமுறையில் எங்கள் பக்கம் எல்லாருமே கொடுத்துவிடுகிறோம். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அதுவரை உங்களுக்குத் துணை மேனேஜர் தம்பி சொன்ன ஏற்பாடுகள்தான், அவற்றை நிறுத்திவிடாதீர்கள். ஒப்படைக்கும்போது எண்ணெய் தடவி, உறையோடு கொடுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண் மட்டும் போதாது, எத்தனை குண்டு கொடுத்தீர்கள் என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.